முஸாபிரா, முகீமா?
(வெளிநாட்டில் படிக்கச் செல்லும் பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பி வைக்கும் பெற்றோருக்கும்)

ஆடி பிறந்து ஆவணி முடிவதற்குள் நம் மதுரையில் நெல்பேட்டை, காஜிமார் தெரு, கோரிப்பாளையம், மஹபூப்பாளையம் போன்ற மஹல்லாக்களிலும், மேலூர், திருமங்கலம், சோழவந்தான், வாடிப்பட்டி முதலிய சுற்று ஊர்களிலும் ஏதேனும் ஒரு வீட்டில் பயண ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும். மகன் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்கோ, ஜெர்மனிக்கோ, அமெரிக்காவுக்கோ, ஆஸ்திரேலியாவுக்கோ புறப்படுகிறான். பருப்புப் பொடி இடிக்கப்படுகிறது. குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்கப்படுகிறது. பெட்டியைத் தராசில் வைத்து, எடை கூடினால் ஊறுகாய்ப் புட்டியை வெளியே எடுக்கிறார்கள். கடைசி நாளில் மாமன்மார், சாச்சாமார் வந்து கையில் பணம் வைத்து துஆச் செய்கிறார்கள். இவை எல்லாம் நல்ல காரியங்களே.

ஆயினும் இந்த ஏற்பாடுகளுக்கிடையே ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது: “இரண்டு வருஷம்தானே! எப்படியோ சமாளிச்சிட்டு வரட்டும். வந்த பிறகு தொழுகை, நோன்பு எல்லாம் சரியாகிவிடும்.” பிள்ளைகளும் அவ்வாறே எண்ணுகிறார்கள். “நான் அங்கே முஸாபிர்தானே? படிப்பு முடியும் வரை கஸ்ருத் தொழுதால் போதுமல்லவா? நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாமல்லவா?” என்று கேட்கும் மாணவர்கள் பலர். கேட்காமலே அப்படி நடந்துகொள்பவர்கள் அவர்களைவிட அதிகம்.

இந்தக் கேள்விக்கு மார்க்கச் சட்டம் தரும் விடை மிகத் தெளிவானது. அந்த விடைக்குள் தொழுகைச் சட்டம் மட்டுமின்றி, அயல் மண்ணில் ஒரு முஸ்லிம் எப்படிக் காலூன்றி வாழ வேண்டும் என்ற பெரிய பாடமும் அடங்கியிருக்கிறது. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஹனபீ மத்ஹபின்படி, மூன்று நாள் பயணத் தொலைவு, அதாவது ஏறக்குறைய 48 மைல் தூரம் செல்லும் எண்ணத்துடன் ஊர் எல்லையைக் கடந்தவர் முஸாபிர் ஆகிறார். மாட்டுத்தாவணியில் சென்னை பஸ் ஏறிய மாணவன், மதுரையின் வீடுகள் முடிந்து மேலூர்ச் சாலையில் வண்டி செல்லத் தொடங்கியதும் முஸாபிர்தான். நான்கு ரக்அத்துள்ள பர்ளுகளை இரண்டாகத் தொழுவது அவன் மீது வாஜிபு. ஷாபிஈ மத்ஹபில் இது சலுகை. மேலும் அம்மத்ஹபில் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் பயணத்தில் சேர்த்துத் தொழவும் இடமுண்டு. ஹனபீ மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர வேறெங்கும் அப்படிச் சேர்த்துத் தொழுவதில்லை.

இந்தப் பயண நிலை எப்போது முடிகிறது? ஒரே ஊரில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்குவதாக நிய்யத்துச் செய்து அவ்வூரில் நுழைந்துவிட்டால், ஹனபீ மத்ஹபின்படி அவர் அப்போதே முகீம். ஷாபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி நான்கு முழு நாட்கள் தங்கும் எண்ணம் இருந்தாலே போதும். இரண்டு ஆண்டுப் படிப்பில் சேரப் போகிறவனுடைய எண்ணத்தில் ஐயத்துக்கு இடமேது? பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்குள் கால் வைத்ததும் அவன் முகீம் ஆகிவிடுகிறான். அறை கிடைக்கவில்லை, நண்பர் வீட்டில் தற்காலிகமாகப் படுத்திருக்கிறான் என்றாலும், ஊர் அதுவாகவே இருக்குமானால் சட்டம் மாறாது.

சில விவரங்களையும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது: ஒருவன் முதலில் லண்டனில் உறவினர் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு, பிறகு நூறு மைலுக்கு அப்பாலுள்ள தன் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல எண்ணினால், ஹனபீ மத்ஹபின்படி லண்டனில் இருக்கும்வரை அவன் முஸாபிர். பல்கலைக்கழக ஊரை அடைந்ததும் முகீம். ஷாபிஈ மத்ஹபில் அந்தப் பத்து நாளிலும் அவன் முகீம்தான்.

இரண்டாவது: விடுமுறைக்கு ஐந்தே நாட்கள் மதுரைக்கு வந்தாலும் இங்கே அவன் முழுமையாகவே தொழ வேண்டும். ஏனெனில் இது அவனுடைய வதனே அஸ்லீ, சொந்த ஊர். படிக்கும் ஊர் வதனே இகாமத், அதாவது தங்குமிடம்.

மூன்றாவது: முகீமாக இருந்துகொண்டு ளுஹர், அஸர், இஷாவை இரண்டு ரக்அத்தாகத் தொழுதவனுக்கு அத்தொழுகைகள் நிறைவேறவில்லை. அவற்றைக் கணக்கிட்டுக் களாச் செய்ய வேண்டும். அறியாமையால் ஓராண்டுத் தொழுகை இப்படிப் போய்விடுமானால் அது எத்தனை பெரிய இழப்பு! ஆகவே விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே இச்சட்டத்தைத் தெரிந்துகொள்வது பிள்ளையின் கடமை. தெரிவிப்பது பெற்றோரின் கடமை.

முகீமான ஆண் மீது ஜும்ஆவும் கடமை. ரமளானில் நோன்பும் கடமை. பயணியின் சலுகையைக் காட்டி அதைத் தள்ளிப்போட முடியாது. படிக்கச் செல்லும் பெண் மக்களுக்கும் தொழுகை, நோன்புச் சட்டங்கள் இவையே. ஜும்ஆ மட்டும் அவர்கள் மீது கடமையில்லை. மஹ்ரம் துணையுடன் பயணம் செய்வது பற்றிய சட்டத்தைக் குடும்பத்தார் தங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாயகத் தோழர்கள் காட்டிய வழி

ஷரீஅத் ஏன் ஒருவனை இவ்வளவு விரைவில் முகீம் ஆக்கிவிடுகிறது? சிந்தித்துப் பார்த்தால் இதில் பெரிய ஹிக்மத் தென்படும். ரெயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருப்பவனைப் பாருங்கள். பெட்டியைத் திறக்க மாட்டான், பக்கத்தில் இருப்பவரிடம் பேச மாட்டான், இருந்த இடத்தைச் சுத்தம் செய்ய மாட்டான். “இதோ போய்விடப் போகிறேன்” என்பதே அவன் நினைப்பு. இரண்டு ஆண்டுகளை ஒருவன் இந்த நினைப்பிலேயே கழித்தால் தீனும் கெடும், படிப்பும் கெடும், உடம்பும் கெடும். ஆகவேதான், “நீ இங்கே குடியிருப்பவன். உன் கடமைகள் முழுமையானவை” என்று மார்க்கம் அவனுக்கு உணர்த்துகிறது.

ஹிஜ்ரத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. மக்காவில் செல்வராக இருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வெறுங்கையுடன் மதீனா வந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை அன்சாரித் தோழரான ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களுடன் சகோதரராகப் பிணைத்தார்கள். ஸஅது அவர்களோ தம் சொத்தில் பாதியையே தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் அவர்கள் அந்த அன்புக்கு துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி மட்டும் கேட்டார்கள். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தொழில் தொடங்கினார்கள். புது ஊருக்கு வந்தவர் செய்ய வேண்டியது இதுதான். உதவியை மதிக்க வேண்டும், பிறருக்குப் பாரமாக இருக்கக் கூடாது, ஊரின் வழிகளை விரைவில் அறிந்துகொள்ள வேண்டும்.

மற்றொன்றையும் கவனியுங்கள். மதீனா வந்த புதிதில் முஹாஜிர்களைக் காய்ச்சல் வாட்டியது. அபூபக்கர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் நோயில் கிடந்தார்கள். பிலால் அவர்கள் மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு வளரும் புல்லையும் நினைந்து ஏங்கினார்கள். தம்மைக் கொடுமை செய்த ஊர்தான் அது! ஆயினும் ஊர் ஏக்கம் அவர்களையும் விடவில்லை. ஆகவே, அந்நிய நாட்டில் முதல் சில மாதம் இரவில் தலையணை நனையும் பிள்ளையை ஈமான் குறைந்தவன் என்றோ கோழை என்றோ யாரும் எண்ணிவிடக் கூடாது. நாயகம் (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. மக்காவைப் போல, அல்லது அதைவிட அதிகமாக மதீனாவைத் தங்களுக்குப் பிரியமாக்கித் தருமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். அந்த துஆவைத் தன் நிலைக்கேற்பக் கேட்டுக்கொள்வது ஒவ்வொரு மாணவனுக்கும் நல்லது.

பொழுது மாறும் நாடுகள்

மதுரையில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஆறு மணியிலிருந்து ஆறே முக்காலுக்குள் மறைந்துவிடும். பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, பன்னிரண்டே முக்காலைத் தாண்டாது. மஃரிபு பாங்கைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபார்த்துப் பழகியவர்கள் நாம். லண்டனுக்குச் செல்லும் பிள்ளையின் நிலை வேறு. அங்கே டிசம்பரில் பகல் பன்னிரண்டு மணியளவில் ளுஹர் வந்து, நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ளுஹர், அஸர், மஃரிபு மூன்றும் அந்த நான்கு மணி நேரத்தைச் சுற்றியே அமைகின்றன. வகுப்பும் ஆய்வுக்கூடமும் அந்த நேரத்தில்தான். ஜூனிலோ சூரியன் இரவு ஒன்பதே காலுக்கு மேல் மறைகிறது. மே மாதக் கடைசியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் அந்திவெளிச்சம் முழுவதும் நீங்குவதே இல்லை. அப்படியானால் இஷா எப்போது?

இது புதிய கேள்வி என்று யாரும் எண்ண வேண்டாம். ஹிஜ்ரீ நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கி.பி. 922இல், பக்தாதின் கலீபா முக்ததிர் அனுப்பிய தூதுக்குழுவில் இப்னு ஃபள்லான் என்பவர் ரஷ்யாவின் வோல்கா நதிக்கரையிலுள்ள புல்கார் நாட்டுக்குச் சென்றார். கூடாரத்தில் ஒரு தையற்காரருடன் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தார். இஷா பாங்கை எதிர்பார்த்திருந்தவருக்கு சுப்ஹு பாங்கே கேட்டது. முஅத்தினை விசாரித்தபோது, இரவு மிகக் குறுகியதால் மஃரிபோடு இஷாவையும் தொழுதுவிடுவதாக அவர் கூறினார். இந்தப் புல்கார் விஷயத்தை வைத்து ஹனபீ இமாம்கள் நீண்ட ஆய்வு செய்திருக்கிறார்கள். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டு போல் நீளும்போது தொழுகை நேரத்தை மதிப்பிட்டுக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த ஹதீஸ், முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது. அதுவே மதிப்பீட்டு முறைக்கு ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது.

1982இல் மக்காவின் ராபிதா நிறுவனத்து ஃபிக்ஹு மன்றம் இதனை ஆய்ந்து, வடக்கே செல்லச் செல்ல நிலைமை மாறுவதால் 45 பாகைக்கு மேலுள்ள நாடுகளை மூன்று வகையாகப் பிரித்துத் தீர்ப்புச் சொன்னது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சூரியன் உதித்து மறையும் நாடுகளில் அடையாளம் காணப்படும் தொழுகைகளை அதனதன் நேரத்திலேயே தொழ வேண்டும். நோன்பை, பகல் நீண்டாலும் சூரியன் மறையும்வரை நோற்க வேண்டும். உடலுக்கு உண்மையான தீங்கு நேருமானால் விட்டுவிட்டுக் குறுகிய பகலில் களாச் செய்யலாம். நார்வேயின் டிராம்ஸோ போன்ற ஊர்களில் கோடையில் இரண்டு மாதம் சூரியன் மறைவதேயில்லை. அங்கெல்லாம் மதிப்பீடுதான் வழி. மாணவன் தன் கைப்பேசி காட்டும் பலவகை நேரங்களுக்கிடையே தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த ஊர்ப் பள்ளிவாசலின் அட்டவணையைப் பின்பற்றட்டும். ஜமாஅத்துடன் இணைந்திருப்பதே முகீமுக்கு அழகு.

நோன்பைப் பொறுத்தவரை ஒரு நற்செய்தி. 2015, 2016, 2017 ஆண்டுகளில் ரமளான் ஜூனில் அமைந்தபோது இங்கிலாந்தில் பதினெட்டு மணி நேரத்துக்கும் அதிகமாக நோன்பு நீண்டது. ரமளான் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்கிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரண்டு ரமளான்கள் தொடங்கும். அக்காலத்தில் லண்டனின் நோன்பு, நாம் மதுரையில் நோற்கும் நோன்பைவிடக் குறுகியதாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் இதற்கு நேர்மாறு. டிசம்பரில் அங்கே கோடை.

கிப்லாவும் மாறும். நமக்கு மேற்கில் சற்று வடக்கே சாய்ந்து கிப்லா இருக்கிறது. லண்டனிலிருந்து அது தென்கிழக்கு. “மேற்கு பார்த்துத் தொழு” என்று வீட்டில் சொல்லி அனுப்புவது அங்கே பொருந்தாது.

உளூவும் தோலுறையும்

பல்கலைக்கழகக் கழிப்பறையில் முகம் கழுவும் தொட்டியின் மேல் காலைத் தூக்கி வைத்துக் கழுவுவது பலருக்குச் சங்கடம். தரை நனைந்து பிறருக்கும் இடையூறு. இதற்கு மார்க்கத்தில் இலகுவான வழி உண்டு. கரண்டைக் கால் மூடும் தோலுறையை (ஹுஃப்பு) முழு உளூவுடன் அணிந்துகொண்டால், உளூ முறிந்த நேரத்திலிருந்து கணக்கிட்டு, முகீமுக்கு ஒரு பகல் ஓரிரவு அதன் மேல் மஸ்ஹு செய்தால் போதும். முஸாபிருக்கு மூன்று பகல், மூன்று இரவு. இங்கும் நம் பிள்ளை முகீம்தான் என்பதை மறக்கக் கூடாது. கடையில் விற்கும் மெல்லிய நூல் காலுறைகளின் மேல் மஸ்ஹு செய்வது இரு மத்ஹபுகளிலும் கூடாது. ஆகவே பெட்டியில் ஊறுகாய்க்குப் பதில் ஒரு ஜோடி தோலுறை வைத்தனுப்புங்கள்.

தண்ணீர் இல்லாத கழிப்பறைகளில் காகிதத்தால் அசுத்தத்தை முழுமையாக நீக்கினால் இஸ்தின்ஜா நிறைவேறும். தண்ணீரால் கழுவுவது சிறந்தது. கைப்பையில் ஒரு சிறு பாட்டில் வைத்துக்கொண்டால் கவலையில்லை.

உணவும் உடம்பும்

இறைச்சி விஷயத்தில் பேணுதல் அவசியம். அறுக்கப்பட்ட முறை தெரியாதபோது மீன், முட்டை, காய்கறி, பருப்பு இவற்றோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. நம்பத்தக்க ஹலால் கடை எது என்பதைப் பள்ளிவாசலில் கேட்டறியலாம். பொரித்த உணவில் எந்த எண்ணெய், அதில் வேறு என்ன பொரித்தார்கள் என்று விசாரிக்கத் தயங்கக் கூடாது. மது பரிமாறும் மேசையில் அமர்வதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பேராசிரியரோ சக மாணவர்களோ அத்தகைய இடத்துக்கு அழைத்தால், “எங்கள் மார்க்கத்தில் இது கூடாது. வேறொரு நாள் தேநீர் அருந்தலாம்” என்று முதல் முறையே மலர்ந்த முகத்துடன் சொல்லிவிட வேண்டும். முதல் முறை மழுப்பியவன் பத்தாம் முறை மறுக்க முடியாமல் தவிப்பான்.

ஆனால் பேணுதல் என்ற பெயரில் பட்டினி கிடப்பதும் கூடாது. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றதை நாம் அறிவோம். அவர் தமது மரபு உணவை விடாமல் தாமே சமைத்து உண்டார். உலகப் போரினால் காய்கறி அரிதாயிற்று. நேரம் தவறி உண்பதும், இரவு பகல் பாராமல் உழைப்பதும், குளிரும், தனிமையும் சேர்ந்து 1917இல் நோய் முற்றியது. 1919இல் நாடு திரும்பி, மறு ஆண்டே 32 வயதில் மறைந்தார். கொள்கையை விடாத அவருடைய உறுதி போற்றத்தக்கது. அந்த உடம்பைக் கவனிக்கப் பக்கத்தில் ஒருவர் இல்லாமல் போனதுதான் நெஞ்சை வருத்துகிறது. உடம்புக்கும் நம்மீது ஹக்கு உண்டு என்பது நபிமொழியின் கருத்து. புறப்படுமுன் சோறு, பருப்பு, மீன் குழம்பு, முட்டை இவற்றைச் சமைக்க அம்மா தன் மகனுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். ஆண் பிள்ளைக்குச் சமையல் எதற்கு என்ற பேச்சு இங்கே வேண்டாம். அங்கே நாலு மாணவர் சேர்ந்து முறைவைத்துச் சமைத்து, ஒரே ஸஹனில் உண்பது உடம்புக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது.

ஒப்பந்தமும் கடனும்

விசா என்பது ஒரு நாட்டார் நமக்கு அளிக்கும் அமான். அதை வாங்கிக்கொண்டு செல்பவன் அந்நாட்டாருக்குத் துரோகம் செய்வது ஹராம் என்பதை இரு மத்ஹபு நூல்களிலும் காணலாம். இங்கிலாந்தில் பட்டப் படிப்பு மாணவன், படிப்புப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது நிபந்தனை. கணக்கில் காட்டாமல் கடையில் கூடுதல் வேலை பார்ப்பது அந்த ஒப்பந்தத்தை முறிப்பதாகும். பிறர் எழுதியதைத் தன் ஆய்வுரையில் தன்னுடையதாகக் காட்டுவதும் அமானிதத்துக்கு மோசடியே. தாடியும் தொப்பியும் வைத்துக்கொண்டு இவற்றைச் செய்பவன் இஸ்லாத்துக்கே இழுக்குத் தேடுகிறான்.

கல்விக் கடனைப் பற்றியும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வட்டி வாங்குவதும் கொடுப்பதும் இரண்டும் ஹராம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு, “பையன் சம்பாதித்துக் கட்டிவிடுவான்” என்று சொல்வதற்கு முன் வேறு வழிகளைத் தேடினீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உதவித்தொகையோடு இடம் கிடைக்க ஓராண்டு பொறுக்கலாம். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. தங்கிப் படிக்கும் செலவுக்கான பணத்தை மட்டும் முன்கூட்டியே கணக்கில் காட்ட வேண்டும். நகையையோ மனையையோ விற்பது கௌரவக் குறைவல்ல. உறவினரிடம் கர்ளு ஹஸனாவாக வாங்கினால், பகரா சூரா கட்டளையிடுவது போல எழுதி, சாட்சி வைத்து வாங்குங்கள். மஹல்லா ஜமாஅத்தார் பந்தலுக்கும் விருந்துக்கும் திரட்டும் பணத்தில் ஒரு பகுதியை இத்தகைய வட்டியில்லாக் கடனுக்கென ஒதுக்கினால், எத்தனையோ குடும்பங்கள் வட்டியிலிருந்து தப்பும்.

குடியிருந்து காட்டியவர்கள்

ஹைதராபாதில் பிறந்த டாக்டர் ஜாகிர் உசேன் 1922இல் பெர்லின் சென்று, 1926இல் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். பெர்லினில் இருந்தபோது அங்குள்ள காவியானி அச்சகத்தில் மிர்ஸா காலிபின் கவிதைத் தொகுதியை அழகுற அச்சிட்டு வெளியிட்டார். அதற்காக எழுத்துக் கோக்கும் தொழிலையும் கற்று, தாமே கோத்தார். ஜாமிஆ மில்லிய்யா மூடப்படும் நிலையில் இருப்பதை அறிந்து, நண்பர்களுடன் சேர்ந்து அதற்கு உழைக்கத் தயார் என்று அங்கிருந்தே செய்தி அனுப்பினார். திரும்பி வந்து சொற்ப ஊதியத்தில் இருபதாண்டுக்கு மேல் அதை நடத்தினார். 1967இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

மற்றொருவர் டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ். இவருடைய முன்னோர் சென்னையில் காஜிகளாக விளங்கிய நவாயத் குடும்பத்தினர். ஹைதராபாதில் படித்து, 1930களில் ஜெர்மனியின் பான் நகரிலும் பாரிஸிலும் டாக்டர் பட்டங்கள் பெற்றார். 1948க்குப் பின் பாரிஸிலேயே தங்கினார். 1959இல் குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். 1963இல் பிரான்சில் முஸ்லிம் மாணவர்களுக்கென ஒரு சங்கம் உருவாக முன்னின்றார். தாம் மாணவராகச் சென்ற நாட்டில், பின்னால் வரும் மாணவர்களுக்கு நிழலாக அமைந்தார். வடக்கு நாடுகளின் தொழுகை, நோன்பு நேரங்களைப் பற்றியும், 45 பாகையின் நேரத்தைக் கணக்காகக் கொள்ளலாம் என்று தம் நூலில் யோசனை கூறினார். அதை எல்லா ஆலிம்களும் ஏற்கவில்லை. ஆயினும் தாம் வாழ்ந்த மண்ணின் சிக்கலைத் தம்முடையதாக எண்ணித் தீர்வு தேடியவர் அவர்.

நம் மதுரையிலும் ஒரு சான்று உண்டு. இலங்கையிலிருந்து வந்த பேராசிரியர் ம.மு. உவைஸ் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராகப் பணியாற்றினார். பேராசிரியர் அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். அயலிலிருந்து வந்தவர் நம் ஊருக்கு விட்டுச் சென்ற செல்வம் அது.

ஒருவர் திரும்பி வந்தார். ஒருவர் அங்கேயே தங்கினார். ஒருவர் நம்மிடம் வந்தார். மூவரும் வாழ்ந்த ஊரில் வழிப்போக்கராக வாழவில்லை.

பெற்றோரே, உங்களுக்கு

வாரம் ஒருமுறையாவது பிள்ளையுடன் நிதானமாகப் பேசுங்கள். “மார்க் என்ன? வேலை எப்போது?” என்று மட்டும் கேட்காதீர்கள். “ஜும்ஆ எங்கே தொழுதாய்? பக்கத்து அறைக்காரர் யார்? நேற்று என்ன சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள். “அத்தா, எனக்கு இங்கே பிடிக்கவில்லை” என்று அவன் சொன்னால், “உன்னை அனுப்ப எவ்வளவு செலவு தெரியுமா?” என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அன்று வாய் அடைக்கப்பட்டவன் பிறகு எதையும் சொல்ல மாட்டான்.

பெருநாளும் நோன்பும் அவன் இருக்கும் நாட்டின் பிறைப்படிதான். மதுரையில் பிறை பார்த்துவிட்டுத் தொலைபேசியில் பெருநாள் அறிவிக்க வேண்டாம். வயது வந்த மகனின் பித்ரா அவன் மீதுள்ள பொறுப்பு. ஷாபிஈ மத்ஹபில் அவன் இருக்கும் ஊரிலேயே அது கொடுக்கப்பட வேண்டும்.

மகனே, உனக்கு

போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் மூன்று காரியம் செய். பள்ளிவாசல் எங்கே என்று கண்டுபிடித்து ஒரு வக்தாவது ஜமாஅத்தில் நின்று, அருகில் இருப்பவருக்கு ஸலாம் சொல். வகுப்பு அட்டவணையைத் தொழுகை நேரத்தோடு வைத்துப் பார்த்து, எங்கே தொழுவது என்று முடிவு செய். அலுவலகத்தில் பணிவாகக் கேட்டால் ஓர் அமைதியான அறையைக் காட்டுவார்கள். பல பல்கலைக்கழகங்களில் அதற்கென்றே இடம் உண்டு. அடுத்த அறையில் இருப்பவர் எம்மதத்தவரானாலும், அவர் உன் அண்டை வீட்டார். உன் பெயரைச் சொல்லி, அவர் பெயரைக் கேட்டு அறிமுகம் செய்துகொள்.

பிறகு பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கு. முஸல்லாவை விரி. நான்கு ரக்அத்தையும் முழுமையாகத் தொழு. அந்த அறையில் நீ முகீம்.

கல்விக்காக ஊர் விட்டுச் செல்லும் நம் பிள்ளைகளின் தீனையும், உடலையும், அறிவையும் அல்லாஹுத் தஆலா பாதுகாப்பானாக! அவர்கள் இருக்கும் ஊரை அவர்களுக்குப் பிரியமாக்கி, அவர்களை அவ்வூராருக்குப் பிரியமாக்குவானாக! ஆமீன்.